தொழில் தெரிந்தும் வேலை இல்லாதபோது: அனுபவத் தொழிலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

நல்ல தொழிலாளிகள் பலருக்கு வேலை தேடத் தெரியாது. அவர்களுடைய திறமைதான் அதற்குக் காரணம். ஒரு கட்டடம் முடியும் முன்பே அடுத்த கட்டடத்துக்கு மேஸ்திரி அழைத்துவிடுவார். விண்ணப்பம் எழுதவோ நேர்காணலில் உட்காரவோ அவசியமே வந்திருக்காது. பொருளாதாரம் சரியும்போது அந்த அழைப்பு நின்றுவிடுகிறது. பதினைந்து, இருபது ஆண்டு அனுபவமுள்ள எலக்ட்ரீசியனும் வெல்டரும் தச்சரும் வேலை தேடுவதில் புதியவர்களாக வந்து நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

மந்தநிலையில் எல்லா வேலையும் ஒரே அளவில் குறைவதில்லை. புதிதாகக் கட்டுவது நின்றுபோகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பழுதுபார்ப்பது நிற்பதில்லை. ஆனால் பழுதுபார்க்கும் பக்கத்தில் ஆள் எடுப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்கு உங்களைத் தெரியவைப்பது எப்படி என்பதே கீழே உள்ள படிகளின் சாரம். பராமரிப்புப் பிரிவில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவன் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. எங்கே அடைபட்டது என்று கண்டுபிடியுங்கள்

வட்டி ஏறினாலோ வங்கிகள் கடனை இறுக்கினாலோ முதலில் ஒத்திப்போடப்படுவது புதுக் கட்டடம்தான். வரைபட அலுவலகங்களில் வேலை குறைவது முதல் அறிகுறி. கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களில் வேலை கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்ட அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் மாதந்தோறும் வெளியிடும் பில்லிங் குறியீடு, வீடுகள் அல்லாத கட்டுமானச் செலவு எந்தப் பக்கம் போகும் என்பதை ஏறத்தாழ 9 முதல் 12 மாதங்களுக்கு முன்பே காட்டிவிடும். அதன்பின் மண் வெட்டுவோர், கம்பி கட்டுவோர், கொத்தனார்கள்; அடுத்து பைப், வயரிங்; கடைசியில் பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று அடி வரிசையாக விழும்.

இந்த வரிசை தெரிந்தால் நாள் கணக்கு தெரியும். நிலைமை சீராகும்போதும் வேலை இதே வரிசையில்தான் திரும்பி வருகிறது. ஆகவே பெயிண்டரும் டைல்ஸ் போடுபவரும், செய்தியில் "கட்டுமானம் மீள்கிறது" என்று வந்த பிறகும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

எவ்வளவு மோசமாகலாம் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 2006-இல் அங்கே கட்டுமானத்தில் சுமார் 77 லட்சம் பேர் வேலை செய்தார்கள். வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பின், 2011 தொடக்கத்தில் அது சுமார் 54 லட்சமாகக் குறைந்தது. பழைய உச்சத்தை மீண்டும் தொட 2022 வரை ஆனது. இடையில் தொழிலை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. பின்னாளில் அதே துறை தேர்ந்த ஆட்கள் கிடைக்காமல் திண்டாடியது. வேலை போனது உங்கள் கைத்திறன் மீதான தீர்ப்பு என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. முதல் வாரத்தில் காகிதங்களைச் சேருங்கள்

பெரும்பாலானோர் முதல் வாரத்தை அலைச்சலிலேயே கழிக்கிறார்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. சைட் மூடப்பட்டதும் மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அலுவலகக் கொட்டகையைப் பிரிக்கும்போது பதிவேடுகளும் காணாமல் போகும். ஆகவே உங்களை நேரில் அறிந்த பொறியாளரிடமோ மேலாளரிடமோ இப்போதே ஒரு கடிதம் வாங்குங்கள். "நல்லவர், நேர்மையானவர்" என்ற கடிதத்தால் பெரிய பயன் இல்லை. எந்தக் காலத்திலிருந்து எந்தக் காலம் வரை, என்ன வேலை, எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், விபத்து நடந்ததா என்ற நான்கும் இருந்தால் போதும். அவர்களுடைய சொந்தத் தொலைபேசி எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாக்கிச் சம்பளம், மிகுதி நேரக் கூலி, விடுப்புத் தொகை, சேமநிதி ஆகியவற்றைப் பட்டியலிட்டு எழுத்தில் கேளுங்கள். உங்கள் நாட்டில் வேலையில்லாதோர் உதவித்தொகை இருந்தால் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். பல இடங்களில் அதற்குக் காலக்கெடு உண்டு. கடன் தவணை இருந்தால், தவணை தவறும் முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசிவிடுங்கள். தவறிய பிறகு போனால் பேசும் தொனியே வேறாக இருக்கும். கருவிகளை மட்டும் விற்காதீர்கள். மந்தநிலையில் பழைய கருவிக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும். திரும்ப வாங்கும்போது புதிய விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

வெல்டர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிகளின்படி, ஒரு குறிப்பிட்ட வெல்டிங் முறையில் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். வெல்டர் தகுதிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9606-1 சான்றிதழிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும். அதாவது, வேலையில்லாத ஆறு மாதம் உங்கள் சான்றிதழையும் சேர்த்துத் தின்றுவிடும். அந்தத் தேதியை இன்றே குறித்துவையுங்கள். அதற்குள் சில நாள் வேலையாவது, கூலி குறைவாக இருந்தாலும், அதே முறையில் செய்து பதிவு வாங்கிவிடுங்கள். மறுபரீட்சைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குறைந்த கூலி நட்டமில்லை.

3. அறிமுகமில்லாதவருக்குப் புரியும்படி உங்கள் தொழிலை எழுதுங்கள்

"எலக்ட்ரீசியன். 18 ஆண்டு அனுபவம். எல்லா வேலையும் தெரியும்." எனக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். எழுதியவர் தேர்ந்தவரா, ஒரே ஆண்டு வேலையைப் பதினெட்டு முறை செய்தவரா என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதே ஆள் இப்படி எழுதியிருந்தால்:

"மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கான ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பேனல்களை வரைபடம் பார்த்து வயரிங் செய்வேன், பழுதும் கண்டுபிடிப்பேன். மெகர் கொண்டு இன்சுலேஷன் சோதித்து அளவுகளைப் பதிவேட்டில் எழுதுவேன். கடைசியாகச் செய்தது: ஆறு மாடி மருத்துவமனையில் ஜெனரேட்டர் மாற்று சுவிட்ச் பொருத்தியது. என்னுடன் நான்கு பேர் வேலை செய்தார்கள். சொந்தக் கருவிகள் உண்டு. இரவு ஷிப்டுக்கு வர முடியும்."

இதைப் படிக்கும் பராமரிப்பு மேலாளர் உடனே தொலைபேசியை எடுப்பார். அவருக்கு நிஜமாகவே இருக்கும் தலைவலிகளில் மூன்று இதில் தீர்ந்துவிடுகின்றன: பழுது கண்டுபிடிக்க ஆள், பதிவு எழுதத் தெரிந்த ஆள், இரவில் வரும் ஆள்.

ஒரே பக்கத்தில் முடியுங்கள். எழுதுவது கைவராவிட்டால், நீங்கள் சொல்லச் சொல்ல மகனோ மகளோ எழுதட்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

புகைப்படங்களையும் சேருங்கள். ஆனால் முடிந்த வேலையின் பளபளப்பான படம் அதிகம் உதவாது. சுவருக்குள்ளும் மூடிக்குள்ளும் மறையப்போகும் வேலைதான் தரத்தைச் சொல்லும். பேனலின் மூடியைத் திறந்து, எண் போட்ட வயர்கள் தெரியும்படி ஒரு படம். டைல்ஸ் ஒட்டும் முன் பைப் இணைப்புகளும், அழுத்தச் சோதனையில் நிற்கும் முள்ளும் தெரியும்படி ஒன்று. விரிசல் விட்ட தூணின் முன்னும் பின்னும் இரண்டு படங்கள், பக்கத்தில் அளவு நாடாவோடு. உரிமையாளரிடம் அனுமதி கேட்டே எடுங்கள். பெயர்ப்பலகையும் முகங்களும் படத்தில் வர வேண்டாம்.

4. பணம் நிற்காத இடங்களைத் தேடுங்கள்

மருத்துவமனை, குடிநீர் நிலையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, உணவு ஆலை, குளிர்பதனக் கிடங்கு, ரயில், தரவு மையம், மின் நிலையம், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இவற்றில் எதையும் பொருளாதாரம் மந்தம் என்பதற்காக மூடிவிட முடியாது. புதிய இயந்திரம் வாங்கப் பணமில்லாதபோது பழையதையே இழுத்து ஓட்டுவார்கள். அதனால் பழுதுவேலை கூடவும் செய்யும்.

உங்கள் தொழில் அங்கே எந்தப் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம். ஏசி மெக்கானிக் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உட்சுவரில் கரிய ஆக்சைடு படியும் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் குழாய்களைப் பொருத்துபவரும் அதே முறையில்தான் பற்றவைக்கிறார். அதற்கென்று தனிச் சான்றும், மிகக் கடுமையான தூய்மை விதிகளும் உண்டு. ஆனால் கையின் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பாதி வழி நடந்து முடித்தவர் அவர்.

சென்ட்ரிங் தச்சருக்குப் புதுக் கட்டடம் இல்லாமல் வேலை இல்லை. ஆனால் விடுதியிலும் பள்ளியிலும் நூற்றுக்கணக்கான கதவுகள் தினமும் அடித்துச் சாத்தப்படுகின்றன. கீல், பூட்டு, தானாக மூடும் கருவி எல்லாம் தேய்கின்றன. தீத்தடுப்புக் கதவென்றால் கதவுக்கும் நிலைக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர்தான் இடைவெளி விடலாம். அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் குறைவு. கொத்தனாருக்குத் துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, கான்கிரீட்டைச் சீர்செய்யும் வேலையும் நீர்க்கசிவு தடுக்கும் வேலையும் இருக்கின்றன. சிமென்ட் ஆலைகளின் சூளையை ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது உள்ளே தீச்செங்கல் மாற்ற ஆட்கள் தேவைப்படுவார்கள். பிளம்பர் தீயணைப்புக் குழாய்கள் பக்கமும் பம்ப் அறைகள் பக்கமும் போகலாம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் நடக்கும் ஷட்டவுன் வேலைகளைத் தவறவிடாதீர்கள். ஆலையை நிறுத்திவைக்கும் சில வாரங்களில் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் (கனமான பொருள்களைத் தூக்கி நகர்த்துபவர்), சாரம் கட்டுவோர் எனப் பெரும் எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். ஆனால் திட்டம் பல மாதங்களுக்கு முன்பே போடப்படும். ஆலை நின்ற பிறகு வாசலில் போய் நின்றால் இடம் கிடைக்காது. அந்த வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் முன்பே பெயரும் சான்றிதழ் நகல்களும் கொடுத்துவைக்க வேண்டும்.

5. யாரிடம் கேட்பது

இணையத்தில் வரும் விளம்பரத்துக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை, ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். பழுதுவேலைக்கான ஆட்கள் பெரும்பாலும் வாய்வழியாகவே எடுக்கப்படுகிறார்கள். எங்கே வேலை நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்பவர் பொருள் விற்பவர். எந்த ஆலைக்கு கேபிள் போகிறது, யார் பம்ப் உதிரிபாகம் வாங்குகிறார்கள் என்பது அவருக்கு அத்துபடி. அடுத்து, ஜெனரேட்டர், லிஃப்ட், கம்ப்ரெஸர் போன்றவற்றைச் சர்வீஸ் செய்ய ஊர் ஊராகப் போகும் ஆட்கள். மூன்றாவதாக, உங்களுடன் முன்பு வேலை செய்து இப்போது வேறு துறைக்குப் போய்விட்டவர்கள்.

இவர்களிடம் "வேலை இருந்தால் சொல்லுங்கள், அண்ணே" என்று மட்டும் சொன்னால் அன்றைக்கே மறந்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "பம்ப் அறைப் பராமரிப்புக்கு ஆள் தேடுவது யார் என்று தெரியுமா? அவரிடம் பேசும்போது உங்கள் பெயரைச் சொல்லலாமா?" இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரிடம் கேட்டால் இன்னொன்று. நோட்டில் தேதி, பெயர், சொன்ன பதில், மறுபடி பேச வேண்டிய நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். காலையில் இரண்டு மணிநேரம் இதற்கென்றே ஒதுக்கி, வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில் எழுந்து, உடை மாற்றிக்கொண்டு உட்காருங்கள். நேர ஒழுங்கு குலைந்தால் மனமும் கூடவே தளர்ந்துவிடும். கட்டுமானத் தொழிலாளர்களிடையே தற்கொலை விகிதம் சராசரியைவிடக் கூடுதல் என்று பல நாடுகளின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. வீட்டில் நிலைமையை மறைக்காமல் பேசுங்கள். தூக்கம் கெட்டு, இருந்து என்ன பயன் என்று தோன்றத் தொடங்கினால் அன்றே ஒரு மருத்துவரையோ உதவி எண்ணையோ நாடுங்கள்.

6. எதிரே உட்கார்ந்திருப்பவரின் சந்தேகம்

அனுபவம் மிகுந்தவரைக் கண்டால் ஆள் எடுப்பவருக்கு ஒரு தயக்கம் வரும். அதை வெளியே சொல்ல மாட்டார். நிலைமை சரியானதும் ஓடிவிடுவாரோ, சின்னப் பையன் மேற்பார்வையாளராக இருந்தால் கேட்டு நடப்பாரோ, சம்பளம் கட்டுப்படியாகுமோ, உடம்பு ஒத்துழைக்குமோ என்ற நான்கு கேள்விகளும் அவர் மனதில் ஓடும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே பதில் சொல்லிவிடுவது நல்லது. கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

"பெரிய சைட்டில் ஃபோர்மேனாக இருந்திருக்கிறீர்கள். இங்கே நீங்களே ஏணியில் ஏற வேண்டும். நாலு மாதத்தில் போய்விடுவீர்களே?"

"போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவேன், சார். அதற்குள் இங்கே இருக்கும் இரண்டு பையன்களுக்கும் பேனல் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன். ஏணி எனக்குப் புதிதில்லை."

இந்தப் பதில் நம்பவைக்கும். "வாழ்நாள் முழுக்க இங்கேயே இருப்பேன்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலைச் சீட்டுகளைக் கைபேசியில் நிரப்பும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் கேட்டால் "கற்றுக்கொள்வேன்" என்று சொல்வதைவிட, போகும் முன்பே யாரிடமாவது பழகிவிட்டுப் போங்கள்.

7. கூலியைக் குறைக்கலாமா?

உணர்ச்சியால் முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு வாரம் ஆறு நாள் கூலி. இப்போது தினக்கூலி அதேதான், ஆனால் நான்கு நாள்தான் வேலை. ஒரு நிறுவனம் 25 சதவீதம் குறைந்த சம்பளத்தில் ஆறு நாளும் வேலை தருகிறது என்றால், அது பழைய கணக்கில் நாலரை நாள் கூலி. குறைந்த சம்பளம்தான் இங்கே அதிகப் பணம். அலைச்சல் செலவு மிச்சம், மருத்துவக் காப்பீடும் கிடைத்தால் இன்னும் மேல்.

தனியாக வேலை எடுப்பவர் விலையைக் குறைத்தால் அதற்கு ஒரு எல்லை போடுங்கள். "மூன்று மாதத்துக்கு இந்தத் தொகை, அதன்பின் மறுபடி பேசுவோம்" என்று எழுத்தில் இருக்கட்டும். அல்லது விலையை அப்படியே வைத்து வேலையின் அளவைக் குறையுங்கள். காரணம் சொல்லாமல் இறக்கிய விலையை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு.

குறைந்த கூலியைவிடப் பெரிய ஆபத்து, வராத கூலி. மந்தநிலையில் ஒப்பந்ததாரர்கள் திவாலாகிறார்கள். சங்கிலியின் கடைசியில் இருப்பவர்தான் அதிகம் இழக்கிறார். பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான கரிலியன் 2018 ஜனவரியில் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 30,000 சப்ளையர்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் பணம் நிலுவையில் இருந்தது. அது பில்களுக்குப் பணம் தர 120 நாள் வரை எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படியென்றால் சிறிய இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறிகள் சைட்டிலேயே தெரியும். லாரி நிறைய வந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கும். கடைக்காரர் கடன் தர மறுத்து ரொக்கம் கேட்பார். நல்ல மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். சம்பள நாள் இரண்டு நாள் தள்ளும், அடுத்த முறை ஐந்து நாள். இதையெல்லாம் பார்த்தும் "முடித்தால் மொத்தமாகத் தருகிறேன்" என்ற வாக்கை நம்பி வேலையை முடிக்காதீர்கள். பொருளுக்கு முன்பணம், வாரம் ஒரு முறை செய்த அளவுக்குப் பணம், ஒரு தவணை தவறினால் வேலை நிறுத்தம் என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

8. பயிற்சி, வெளிநாடு, ஆபத்து

சேமிப்பைப் போட்டு நீண்ட படிப்பில் சேரும் முன், அந்தச் சான்றிதழ் இருந்தால் எடுப்பீர்களா என்று ஆள் எடுப்பவர்கள் மூன்று பேரிடமாவது கேளுங்கள். விற்பவரின் பேச்சு மட்டும் போதாது. உங்கள் தொழிலோடு ஒட்டிய சில நாள் பயிற்சிகளே பெரும்பாலும் பலன் தரும்: உயரத்தில் வேலை, குறுகிய இடத்தில் நுழைவது, குளிர்பதன வாயுவைக் கையாளும் உரிமம், சூரிய மின் இணைப்பு. படிப்புச் சான்று இல்லாமல் அனுபவத்தால் மட்டும் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் முறை பல நாடுகளில் உண்டு. அது உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வேலை வாங்கித்தர முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. பல நாடுகள் அதை ஏற்கவில்லை, ஏற்ற இடங்களிலும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று தெரிந்துகொண்டு, ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

கையில் பணம் இல்லாதபோது மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்யச் சொன்னாலும், தடுப்புக் கம்பி இல்லாத சாரத்தில் ஏறச் சொன்னாலும் மறுக்க மனம் வராது. அனுபவசாலியிடம்தான் இதை அதிகம் கேட்பார்கள், "உங்களுக்குத் தெரியாததா" என்று. மறுத்துவிடுங்கள். ஒரு நாள் கூலிக்காகக் காயப்பட்டால் எஞ்சிய தொழில் வாழ்க்கையே போய்விடும்.

9. வேலை கிடைத்த பிறகு

தொடர்பு நோட்டை மூடிவிடாதீர்கள். உதவிய ஒவ்வொருவரையும் அழைத்து வேலை கிடைத்ததைச் சொல்லுங்கள். வேலையில்லாமல் இருக்கும் வேறு யாருக்காவது அங்கே இடம் இருக்குமா என்று கண்ணில் வைத்திருங்கள். மாதக் கடைசியில் அந்த மாதம் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். வெல்டராக இருந்தால் ஆறு மாத உறுதிப் பதிவையும் தேதி நெருங்கும் முன்பே கேட்டு வாங்கி, நகலை வீட்டில் வையுங்கள்.